ஓர் ஊற்று, மூன்று கணக்கு: எந்த நாட்டு ஒப்பந்தம் நமக்குப் பொருந்தும்?

தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்போம். ஓர் ஊற்றை மேல்கணக்கும் நடுக்கணக்கும் கீழ்க்கணக்கும் பங்குபோடும் இடங்களில் சண்டை மாசி, பங்குனியில்தான் வரும். ஆனி, ஆடி மழையில் எல்லாருக்கும் தாராள மனசு. பீலியில் (தண்ணீர் விழும் வாயில்) தண்ணீர் சுண்டுவிரல் தடிப்புக்கு மெலிந்ததும் "மேல யாரோ ஓஸ திருப்பி விட்டுட்டாங்க" என்று கீழே பேச்சுக் கிளம்பும். "நாங்க கையே வைக்கல" என்பார்கள் மேலே. இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொல்லலாம். அளந்து காட்ட யாரிடமும் எதுவும் இருக்காது, அதுதான் தொல்லை.

ஆறுகளைப் பங்குபோடும் நாடுகளும் இதே வழக்கைத்தான் பேசிவந்திருக்கின்றன. அவர்கள் அதை எழுதி, கையெழுத்திட்டு, பல ஆண்டு நடத்தியும் பார்த்துவிட்டார்கள். எது நின்றது, எது எங்கே உடைந்தது என்பது பதிவில் இருக்கிறது. இலங்கை தீவு என்பதால் எல்லை தாண்டும் ஆறு நமக்கு ஒன்றுமில்லை. அந்த ஒப்பந்தங்கள் எதுவும் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஹட்டன் முகட்டின் ஒரு பக்கம் விழும் மழை ஹட்டன் ஓயா வழியாக மகாவலியாகித் திருகோணமலைக்குப் போகிறது. மறுபக்கம் டிக்கோயாவில் விழுவது காசல்ரீ, நோர்ட்டன் வழியாகக் களனியாகிக் கொழும்புக்குப் போகிறது. மேல்-கீழ் பிரச்சினை நமக்கு ஒவ்வொரு சரிவிலும் இருக்கிறது. வெளிநாட்டு ஒத்துழைப்பும் இந்த மலைக்குப் புதிதல்ல. கொத்மலை அணைக்கு சுவீடன், விக்டோரியாவுக்கு பிரித்தானியா, ரந்தெனிகலைக்கு ஜெர்மனி, மேல் கொத்மலைக்கு ஜப்பான் என்று பணம் வந்தது. அந்த அணைகளுக்கு மேலே இருக்கும் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் குடத்தோடு வரிசை நிற்பது வேறு கதை.

ஆகவே கேள்வி இது: மூன்று கணக்கு, அல்லது இரண்டு கணக்கும் பக்கத்துக் கிராமமும், ஓர் ஊற்றைப் பகிர எழுத்தில் ஓர் உடன்பாடு செய்வதென்றால் எந்த மாதிரியை எடுப்பது? ஐந்து மாதிரிகளை இங்கே ஒப்பிடுகிறோம்.

முதலில் அளவு

அளக்காமல் எந்த மாதிரியும் வேலை செய்யாது. அளக்கும் காலமும் முக்கியம். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளில் பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறைப் பக்கம் ஆகஸ்ட், செப்டெம்பர். குறைந்தது பத்து நாள் மழையில்லாமல் இருந்திருக்க வேண்டும்.

ஊற்றுக்குக் கீழே களிமண்ணால் சிறு வரப்புக் கட்டி, ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்து, முழுத் தண்ணீரும் அதன் வழியாக விழச் செய்யுங்கள். 20 லீற்றர் வாளி நிறைய எத்தனை வினாடி எடுக்கிறது என்று ஐந்து தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். 33 வினாடி என்றால் வினாடிக்கு 0.6 லீற்றர். 50 வினாடி என்றால் 0.4. ஒவ்வொரு கணக்கிலிருந்தும் இரண்டு பேர் நின்று பார்த்துக் கொப்பியில் கையெழுத்திட வேண்டும். வாளிக்கு அடங்காத ஓட்டமென்றால் 90 பாகை வி வடிவில் வெட்டிய பலகையைக் குறுக்கே வைக்கலாம். அதில் தண்ணீர் 5 சென்ரிமீற்றர் உயரம் நின்றால் ஏறத்தாழ 0.77 லீற்றர், 7 என்றால் 1.8, 10 என்றால் 4.4. உயரத்தைப் பலகையின் வாயிலேயே அளக்கக்கூடாது. அங்கே தண்ணீர் வளைந்து இறங்கும். ஓரிரு அடி பின்னால், நிலையாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

உதாரணத்துக்கு மேல்கணக்கில் 40 குடும்பம், நடுவில் 60, கீழே 80 என்று வைப்போம். குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் 720 பேர். வினாடிக்கு 0.6 லீற்றர் என்பது நாளுக்கு 51,840 லீற்றர், ஆளுக்கு 72. ஊற்று 0.4க்கு இறங்கினால் ஆளுக்கு 48. அடிப்படைத் தேவைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதாவது இந்த ஊற்று வறண்ட மாதத்தில் எல்லைக்கோட்டில் நிற்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். இரவு எட்டு மணியிலிருந்து காலை நான்கு வரை யாரும் பிடிப்பதில்லை. அந்த எட்டு மணி நேரத்தில் 0.6 லீற்றர் வீதம் 17,280 லீற்றர், நாள் வரத்தில் மூன்றிலொரு பங்கு, ஓடையில் போகிறது. பிரட்டுக்கு (காலை வேலைக்குப் பெயர் எடுக்கும் கூட்டத்துக்கு) முன்னால், நாலரைக்கும் ஏழுக்கும் இடையில், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பிடிக்கிறார்கள். பங்குச் சண்டை என்று நாம் நினைப்பதில் பாதி உண்மையில் தொட்டி இல்லாத சண்டை.

பிரித்துக்கொண்டு போவது: சிந்து மாதிரி

1960 செப்டெம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நீர் ஒப்பந்தம், தண்ணீரைப் பங்குபோடவில்லை, ஆறுகளைப் பங்குபோட்டது. ராவி, பியாஸ், சட்லெஜ் மூன்றும் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் மூன்றும், வரையறுத்த சில பயன்பாடுகள் நீங்கலாக, பாகிஸ்தானுக்கு. இடையில் நின்று முடித்துவைத்தது உலக வங்கி. 1965, 1971 போர்களிலும் அந்த ஒப்பந்தம் கலையவில்லை. 2025 ஏப்ரலில்தான் இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

இதன் கவர்ச்சி வெளிப்படை: உன்னுடையது உனக்கு, என்னுடையது எனக்கு, தினம் முகம் பார்க்கத் தேவையில்லை. தோட்டங்களில் ஆட்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். "எங்களுக்குத் தனி ஊத்து தாங்க, வேற ஒண்ணும் வேணாம்."

ஆனால் பிரிவினைக்குச் செலவு அதிகம். பாகிஸ்தான் கிழக்கு ஆறுகளிலிருந்து பாசனம் பெற்ற நிலங்களுக்கு மேற்கு ஆறுகளிலிருந்து புதிய இணைப்புக் கால்வாய்களை வெட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பத்து ஆண்டு இடைக்காலம் கொடுத்தார்கள். இந்தியா மட்டும் 6 கோடி 20 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண் அளவில் பத்துத் தவணையாகக் கட்டியது. மற்ற நாடுகளும் உலக வங்கியும் சேர்ந்து நிதியம் அமைத்தன. மங்களா, தர்பேலா அணைகள் அந்த வேலைத்திட்டத்தில் வந்தவை. இவ்வளவும் செய்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. இந்தியாவின் பக்லிஹார் அணை பற்றிய தகராறு நடுநிலை நிபுணரிடமும், கிஷன்கங்கா மின்திட்டம் பற்றியது நடுவர் மன்றத்திடமும் போயின.

நம் அளவில் தனி ஊற்று என்றால் ஊற்றுக்காப்புத் தொட்டி, வேலி, குழாய், குளோரின் எல்லாமே இரண்டு மூன்று தரம். இன்னொரு பொறியும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊற்றுகள் ஒரே பாறை வெடிப்பிலிருந்து வரலாம். ஒன்றைத் தோண்டி ஆழமாக்கினால் மற்றது மெலியும். பிரிப்பதற்கு முன் வறண்ட மாதத்தில் ஒன்றைச் சற்றுத் தாழ்வாகத் திறந்துவிட்டு மூன்று நாள் ஓடவிட்டு, மற்றதைத் தினம் அளந்து பாருங்கள். இரண்டாவது குறைந்தால் உங்களிடம் இருப்பது ஓர் ஊற்றுதான்.

இரண்டு ஊற்றும் தனித்தனி, இரண்டும் வறட்சியில் அந்தந்தக் கணக்குக்கு ஆளுக்கு 50 லீற்றர் தரும், இரண்டும் தொட்டிக்கு மேலே பத்து மீற்றராவது உயரத்தில் இருக்கின்றன: இந்த மூன்றும் சரியென்றால் மட்டும் சிந்து மாதிரியை எடுக்கலாம். மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

அட்டவணை போட்டுப் பகிர்வது: கங்கை மாதிரி

1996 டிசெம்பர் 12 அன்று இந்தியாவும் பங்களாதேஷும் கையெழுத்திட்ட கங்கை ஒப்பந்தம் தோட்டக் கமிட்டிகள் நிதானமாகப் படிக்க வேண்டிய ஒன்று. ஜனவரி 1 முதல் மே 31 வரையான வறண்ட பருவத்துக்கு மட்டுமே அது பேசுகிறது. மழைக்காலத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. பருவத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, இந்தியாவின் பரக்கா தடுப்பணைக்கு வரும் தண்ணீருக்கு மூன்று படி வைத்தது:

70,000 கன அடி அல்லது அதற்குக் கீழே என்றால் பாதிப் பாதி. 70,000க்கும் 75,000க்கும் இடையில் பங்களாதேஷுக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. 75,000 அல்லது அதற்கு மேல் என்றால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் பங்களாதேஷுக்கு. எல்லாம் வினாடிக்கு.

இதற்கு மேல் இரண்டு வாசகங்கள். மார்ச் 11 முதல் மே 10 வரை, மிகக் கடுமையான நாட்களில், இரண்டு நாடுகளும் மாறி மாறிப் பத்துப் பத்து நாளுக்கு 35,000 கன அடி உறுதியாகப் பெறும். ஓட்டம் 50,000க்குக் கீழே போனால் உடனே கூடிப் பேச வேண்டும். அளப்பது கூட்டுக்குழு, பரக்காவிலும் அளக்கிறார்கள், கீழே பங்களாதேஷில் ஹார்டிஞ்ச் பாலத்திலும் அளக்கிறார்கள்.

இந்த இரண்டு இட அளவைத்தான் நாம் கட்டாயம் கடன் வாங்க வேண்டும். ஊற்றடியில் கீழ்க்கணக்குக்கு 0.27 லீற்றர் விட்டதாகக் கொப்பியில் இருந்து, அவர்கள் தொட்டி வாயில் 0.19 தான் விழுகிறது என்றால், மேல்கணக்கைத் திட்டி ஆவதொன்றுமில்லை. நடுவழியில் குழாய் வெடித்திருக்கிறது, அல்லது யாரோ ஊசிக்குழாய் இழுத்திருக்கிறார்கள். ஒன்றரை கிலோமீற்றர் குழாயை நடந்து பார்க்க வேண்டியதுதான்.

கங்கை ஒப்பந்தத்தின் பலவீனம் அதன் அடித்தளம். அட்டவணை 1949 முதல் 1988 வரையான 40 ஆண்டுச் சராசரி ஓட்டத்தை வைத்துப் போடப்பட்டது. சராசரி என்பது நல்ல ஆண்டுகளும் கலந்தது. தகராறு வருவது சராசரி ஆண்டில் அல்ல. நம் ஊற்றுக்கு அட்டவணை எழுதும்போது மிக வறண்ட பத்து நாளின் அளவை அடியில் வையுங்கள்.

பகிர்வுத் தொட்டியை இப்படிச் செய்யலாம். ஊற்றுக்காப்புக்குக் கீழே ஒரு மீற்றர் நீள அகலமுள்ள சீமெந்துத் தொட்டி, ஆழம் அறுபது சென்ரிமீற்றர். அதன் ஒரு பக்கச் சுவரில் 3 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத எவர்சில்வர் தகடு, அதில் ஒரே கிடைமட்டக் கோட்டில் 12 மில்லிமீற்றர் துளைகள் ஒன்பது. வெளியே இரண்டு தடுப்பு வைத்து மூன்று அறை: இரண்டு துளை மேல்கணக்குக்கு, மூன்று நடுவுக்கு, நான்கு கீழுக்கு. 40, 60, 80 குடும்பத்தின் விகிதம் அதுதான். ஒவ்வொரு துளையிலிருந்தும் தண்ணீர் காற்றில் தடையில்லாமல் விழ வேண்டும். அறையில் தண்ணீர் தேங்கித் துளையைத் தொட்டால் பங்கு கெடும். வினாடிக்கு 0.6 லீற்றர் வரும்போது துளை மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கும், 0.4 வரும்போது 2. துளைக்கு மேல் 30 சென்ரிமீற்றரில் வழிவாய் வைத்தால் ஒன்றரை லீற்றருக்கு மேற்பட்ட மழைத் தண்ணீர் ஓடைக்குப் போய்விடும்.

துளையின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து விகிதம் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். சிறிய வெட்டில் விளிம்பு இழுப்பு அதிகம் என்பதால் சின்னப் பங்குக்காரருக்குச் சொன்னதைவிடக் குறைவாகவே போகும். ஒரே துளைப்பான் ஊசியால் துளைத்த ஒரே அளவுத் துளைகள், எண்ணிக்கையில் வித்தியாசம்: குழந்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே கெடுவது மூன்று. தேயிலைச் சருகு ஒரு துளையை அடைக்கும். தொட்டியின் நடுவில் கண்ணறை வலை வைத்துத் தினம் ஒருவர் வழிக்க வேண்டும். யாராவது கம்பியால் துளையை அகட்டுவார்கள். அதே 12 மில்லிமீற்றர் கம்பித் துண்டு ஒன்றைக் கமிட்டிப் பெட்டியில் வைத்து மாதமொருமுறை நுழைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, தகடு சாய்வது. ஒரு பக்கம் ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்தால் அந்தப் பக்கத் துளைகளுக்குச் சாதாரண நாளில் 10 சதவீதமும் வறட்சியில் 20 சதவீதமும் கூடுதலாகப் போகும். தண்ணீர் குறையக் குறையச் சாய்வின் அநியாயம் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒளி ஊடுருவும் மட்டக்குழாயால் தை மாதம் ஒருதரம் மட்டம் பார்த்தால் போதும்.

படிகளையும் நம் அளவில் எழுதலாம். வரத்து வினாடிக்கு 0.6 லீற்றருக்கு மேல்: துளைப்படி, கட்டுப்பாடு இல்லை. 0.6க்கும் 0.4க்கும் இடையில்: துளைப்படிதான், ஆனால் மரக்கறித் தோட்டம், வாகனம் கழுவுதல் நிறுத்தம். 0.4க்குக் கீழே: இரண்டு நாளுக்குள் கூடி முறைத் தண்ணீருக்கு மாறுவது. முறை என்றால் மற்ற துளைகளை இறப்பர் அடைப்பானால் மூடி முழு ஓட்டத்தையும் ஒரு கணக்கின் தொட்டிக்கு விடுவது: மேல்கணக்குக்கு 5 மணி 20 நிமிடம், நடுவுக்கு 8 மணி, கீழுக்கு 10 மணி 40 நிமிடம். மொத்தம் 24. மெல்லிய ஓட்டம் நீளக் குழாயில் கசிந்தே தீர்ந்துபோகும். முழு ஓட்டமாக விட்டால் கசியும் நேரம் குறைகிறது, கீழ்க்கணக்குக்கு உண்மையில் ஏதாவது போய்ச் சேரும். ஆனால் முறைக்கு இடையில் வெறுமையாகும் குழாய், வெடிப்புகள் வழியாகச் சேற்றை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு முறையும் முதல் பத்து நிமிடத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே தள்ள வேண்டும்.

சொல்லிவிட்டுச் செய்வது: மீகொங் மாதிரி

1995 ஏப்ரல் 5 அன்று தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நான்கும் மீகொங் உடன்படிக்கை செய்தன. பங்கு அட்டவணை இல்லை. பிரதான ஆற்றில் அணை போன்ற பெரிய வேலையைத் தொடங்குமுன் மற்றவர்களுக்கு அறிவித்து, ஆறு மாதம் கலந்து பேச வேண்டும் என்பது நடைமுறை. தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. லாவோஸ் 2010இல் சயபுரி அணையை அறிவித்தது. கீழ்நாடுகள் தாமதிக்கச் சொன்னன. அணை எழும்பி 2019இல் மின்சாரம் விற்கத் தொடங்கியது. ஆற்றின் மேற்பகுதி இருக்கும் சீனா உறுப்பினரே இல்லை, உரையாடல் பங்காளி மட்டும்.

பங்கீட்டுக்கு இந்த மாதிரி உதவாது. ஆனால் பங்கீட்டுக்கு வெளியே நடப்பவைதான் மலையில் பல ஊற்றுகளைக் கெடுக்கின்றன: களைநாசினி அடிப்பது, மறுநடுகைக்கு மலையைக் கிளறுவது, புதுப் பாதை வெட்டுவது, ஓடையில் சிறு நீர்மின் நிலையம் போடுவது, மேலே லீக்ஸ், கரட் பாத்தி தொடங்குவது. இவற்றுக்கு அறிவிப்புக் கடமை எழுத வேண்டும். மருந்தடிக்க இரண்டு நாள் முன்னறிவிப்பு. அன்று உள்வாயை மூடி, அடுத்த நல்ல மழை கழுவி ஓடிய பிறகே திறப்பது. மண் வேலைக்கு முப்பது நாள். தோட்ட நிர்வாகம் பொதுவாக ஒத்துக்கொள்ளும் வாசகம் இதுதான். அதனாலேயே இதோடு நின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது.

கூட்டுச் சொத்து: செனகல் மாதிரி

மாலி, மொரித்தானியா, செனகல் மூன்றும் 1972இல் செனகல் ஆற்று அமைப்பை உருவாக்கின. கினி 2006இல் சேர்ந்தது. 1978இல் செய்த ஓர் உடன்படிக்கை அவர்களை மற்ற எல்லாரிடமிருந்தும் வேறுபடுத்துகிறது: அணைகள் எந்த மண்ணில் நின்றாலும் எல்லாருக்கும் சொந்தம். மனந்தலி அணை மாலியில் இருக்கிறது. ஆனால் மாலியின் அணை அல்ல. செலவைப் பலனுக்கு ஏற்பப் பிரித்தார்கள்: செனகல் 42.1 சதவீதம், மாலி 35.3, மொரித்தானியா 22.6. மனந்தலி மின்சாரத்தில் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரித்தானியாவுக்கு 15.

நமக்கு இதுவே முதுகெலும்பு என்பது எங்கள் முடிவு. காரணம், ஊற்று மேல்கணக்கின் எல்லையில் இருந்தால் மேல்கணக்கு அதைத் தன் ஊற்று என்று நினைக்கும், பழுது வந்தால் கீழ்க்கணக்கும் அதை மேல்கணக்கின் ஊற்று என்றே நினைக்கும். சாவி ஒருவரிடம், குறை சொல்வது மற்றவரிடம். ஊற்றுக்காப்பு, வண்டல் தொட்டி, பகிர்வுத் தொட்டி மூன்றும் மூன்று கணக்குக்கும் பொது, மூன்று பூட்டு, அல்லது மூவரும் ஒப்புக்கொண்ட ஒரு குழாய்க்காரர் என்று எழுதினால் பழுது யாருடையது என்ற வாதம் எழாது. பகிர்வுத் தொட்டிக்குக் கீழே அவரவர் குழாய், அவரவர் தொட்டி. 2,000 லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டிகள் மேலே இரண்டு, நடுவில் மூன்று, கீழே நான்கு வைத்தால் மேலே சொன்ன 17,280 லீற்றர் இரவுத் தண்ணீரும் அடங்கும்.

பொது வேலையில் கட்டாயம் சரியாகச் செய்ய வேண்டியது ஊற்றுக்காப்பு. வழிவாயை ஊற்றின் இயல்பான வாயைவிட உயரமாக வைத்தால், தண்ணீர் பின்னழுத்தம் பட்டு வேறு வெடிப்பைத் தேடிக்கொண்டு போய்விடும். போன ஊற்று திரும்புவது நிச்சயமில்லை. வழிவாய் எப்போதும் ஊற்றுவாய்க்குக் கீழே. மேலே எட்டுப் பத்து மீற்றர் தள்ளி மழைநீரைத் திருப்பும் கான். மேற்சரிவில் முப்பது மீற்றருக்குள் கழிப்பறைக் குழி இருக்கக்கூடாது. வழியும் தண்ணீரைச் சரிவில் அப்படியே விடாதீர்கள். கல் பாவிய கான் வழியாக ஓடை வரை கொண்டுபோங்கள். மண்சரிவு அபாயமுள்ள சரிவில் இரவும் பகலும் ஊறும் தண்ணீர் லயத்தையே கொண்டுபோகலாம்.

குளோரினும் ஒரு கையில் இருப்பது நல்லது. லீற்றருக்கு 2 மில்லிகிராம் கணக்கில், 30 சதவீத வலுவுள்ள தூள் என்றால், 8,000 லீற்றருக்கு 53 கிராம். தூளை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்க் கடைசியில் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிச்சம் காட்டினால் சரி. வாய் திறந்து கிடக்கும் பையின் தூள் சில வாரத்தில் வலுவிழந்துவிடும், அளவு சரியாக இருந்தும் பயன் இருக்காது.

செனகல் கதையின் இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். கடல் உப்பை மறித்த தியாமா அணைக்குப் பிறகு, உப்பில்லாத தேங்குநீரில் சம்புப் புல் அடர்ந்தது, நத்தை பெருகி பில்ஹார்சியா நோய் பரவியது. வெள்ளம் வடிந்த நிலத்தில் பயிர் செய்தவர்களும் மீனவர்களும் இழந்தார்கள். உடன்படிக்கை மேசையில் அவர்கள் இருக்கவில்லை. நம் பக்கத்திலும் மேசையில் இல்லாதவர்கள் யார் என்று பாருங்கள்: தற்காலிகக் கொட்டகைக் குடும்பங்கள், பாடசாலை, பிள்ளைக் காம்பரா (குழந்தைப் பராமரிப்பு இடம்), ஓடையின் வழிநீரை நம்பியிருக்கும் கீழ்க் கிராமம். கடைசிச் சொட்டையும் குழாயில் போட்டுவிட்டால் அந்த ஓடை பங்குனியில் வற்றும்.

பலனைக் கொடுத்து வாங்குவது: கொலம்பியா மாதிரி

கனடாவும் அமெரிக்காவும் 1961இல் கையெழுத்திட்டு 1964இல் நடைமுறைக்கு வந்த கொலம்பியா ஒப்பந்தத்தில் மேலே இருக்கும் கனடா மூன்று அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியது. அதனால் கீழே அமெரிக்காவில் கூடும் மின்சாரத்தில் பாதி கனடாவுக்கு. வெள்ளத் தடுப்புக்கு அமெரிக்கா 6 கோடி 44 இலட்சம் டொலர் முன்பணம் கொடுத்தது. மேலே இருப்பவரின் வேலைக்குக் கீழே இருப்பவர் விலை கொடுக்கிறார்.

ஊற்றுக்கு மேலே கால் ஏக்கரோ அரை ஏக்கரோ மருந்து, உரம் இல்லாமல் விடச் சொன்னால், அந்த நிலத்தைப் பயிரிடுபவர் சும்மா விடமாட்டார். விடச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் காசாகக் கொடுக்கும் ஏற்பாடு தோட்டங்களில் நீடிப்பதில்லை. சம்பளம் குறைந்த மாதத்தில் முதலில் நிற்பது அதுதான். வேலையாகவோ பொருளாகவோ கொடுப்பது நிலைக்கும்: அவர் பாத்திக்குக் கான் வெட்டிக் கொடுப்பது, வேலிக்குக் கம்பு நடுவது, அவர் வீட்டுக்குச் சந்தா இல்லாத ஒரு குழாய்.

ஆக, எதை எடுப்பது

ஒரே ஊற்று, வறட்சியில் ஆளுக்கு 100 லீற்றருக்குக் குறைவு என்றால்: சொத்து செனகல் மாதிரி, பங்கு கங்கை மாதிரி, மேல்நிலத்துக்குக் கொலம்பியா மாதிரி, மற்ற வேலைகளுக்கு மீகொங் அறிவிப்பு. சிந்துவிலிருந்து நடுநிலை நிபுணரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: தகராறு வந்தால் பொது சுகாதாரப் பரிசோதகரோ நீர் வழங்கல் சபைப் பொறியியலாளரோ வந்து அளக்கும் அளவே முடிவு என்று ஒரு வரி. ஆளுக்கு 100 லீற்றருக்கு மேல் இருந்தால் அட்டவணையே தேவையில்லை. கூட்டுச் சொத்தும் தொட்டிகளும் போதும். ஊற்று வினாடிக்கு 0.3 லீற்றருக்குக் கீழே விழும் இடத்தில் எந்த ஒப்பந்தமும் தண்ணீரை உண்டாக்காது. கூரை மழைநீரையோ வேறு ஊற்றையோ தேட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டிய வரி ஒன்று ஐக்கிய நாடுகள் சபை 1997இல் ஏற்று 2014இல் நடைமுறைக்கு வந்த நீர்வழிகள் சமவாயத்தில் இருக்கிறது: பயன்பாடுகள் மோதும்போது மனிதரின் உயிர்த் தேவைக்குத் தனிக் கவனம். குடிக்க, சமைக்க ஆளுக்கு 20 லீற்றர் போன பிறகே ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலைக்கும்) பாத்திக்கும் என்று அதை இலக்கத்தில் எழுதுங்கள். இலக்கமில்லாத நல்லெண்ணம் பங்குனியில் நிற்காது.

யார் கையெழுத்து என்பது நமக்கேயுரிய சிக்கல். நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, குடியிருப்பவர் கையில் காணி உறுதிப்பத்திரம் இல்லை. ஆகவே மூன்று கணக்கின் நீர்ச் சங்கங்களும் கிராமச் சங்கமும் கையெழுத்திட்டால் போதாது. ஊற்றைச் சுற்றிய நிலத்துக்கும் குழாய் போகும் வழிக்கும் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். துரை (தோட்ட முகாமையாளர்) மாறினால் வாய்ச்சொல் போய்விடும். சங்கத்தைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் செலவு செய்யலாம் என்பதால், சபையையும் ஒரு தரப்பாகச் சேர்ப்பது பழுதுச் செலவுக்கு உதவும்.

வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று வந்தால் நல்லது. நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டங்களுக்கு உலக வங்கி உதவியிலும் நீர்த்திட்டங்கள் வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பணம் குழாயும் தொட்டியும் வாங்கும். குழாய்க்காரரின் மாதச் சம்பளத்தைக் கொடுக்காது. 180 குடும்பம், மாதம் 150 ரூபா என்றால் 27,000. அதில் ஆள் கூலி, தூள், ஒட்டுப் பசை, இரண்டு வால்வு எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் நன்கொடையாளரிடம் அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், திறப்பு விழாவுக்குப் பிறகல்ல.

முடிவுத் திகதியையும் யோசித்து வையுங்கள். கங்கை ஒப்பந்தத்தின் 30 ஆண்டு 2026 டிசெம்பர் 12இல் முடிகிறது. அதன் பங்கீட்டுப் பருவமோ ஜனவரி 1இல் தொடங்குவது. இடையில் மூன்று வாரம். ஐந்து ஆண்டுக்கு எழுதுவதானால் ஹட்டன் பக்கம் ஜூலையில் முடியும்படியும், பண்டாரவளைப் பக்கம் டிசெம்பரில் முடியும்படியும் எழுதினால், தண்ணீர் நிறைய ஓடும் மாதத்தில் உட்கார்ந்து புதுப்பிக்கலாம். அளவுக் கொப்பியின் ஐந்து வருடப் பக்கங்களைப் படியெடுத்து அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.